ஓடிப் போக ஒரு பாலம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பாறசாலையில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் இன்னும் மிச்சமிருந்தது. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முந்தி தொலைபேசி அடித்தது. குளச்சல் கடப்புறத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காள். "தம்பி, கடல் கேறி வருது..." அதோடு இணைப்பு அறுந்துபோனது.

மறுநாள் போனேன். அக்காள் பிழைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் மூன்று பேர் இல்லை. தண்ணீரைக் கண்டதும் அவர்கள் மேட்டைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறார்கள். குறுக்கே ஏ.வி.எம். கால்வாய். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அதில் சிக்கி மாண்டவர்கள் பலர். அக்காளின் தையல் மெஷினில் கருமணல் புகுந்து சக்கரம் இறுகிப்போயிருந்தது. ஈர்க்குச்சியால் அதைக் குடைந்துகொண்டே இருந்தாள்; யாரோடும் பேசவில்லை.

சுமத்ரா அருகே கடலடி வெடித்தது காலை 6.29-க்கு, அளவு 9.1. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு. அலை சென்னைக்கு வரவே இரண்டரை மணி நேரம் ஆனது. இலங்கையைச் சுற்றி வளைந்து எங்கள் பக்கம் வர இன்னும் நேரமெடுத்தது. அத்தனை நேரத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ல் அதே கடலில் 8.6 அளவில் அதிர்ந்தபோது அங்கிருந்து உடனே எச்சரிக்கை வந்தது. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் அன்று பெரிய அலை எழவில்லை.

சேதி இப்போது வந்துவிடும். ஓட வழிதான் இல்லை. 1860-ல் திருவிதாங்கூர் வெட்டத் தொடங்கிய அந்தக் கால்வாய் பூவார், பொழியூர் வழியாகத்தான் குமரிக்குள் போகிறது. 1956-ல் மாநில எல்லை அதை இரண்டாக அறுத்தது. கேரளத்துப் பொழியூரும் தமிழ்நாட்டு நீரோடியும் அடுத்தடுத்த கரைகள். பெண் கொடுத்து எடுத்தவர்கள். கால்வாயோ சில இடங்களில் தூர்ந்து கிடக்கிறது, சில இடங்களில் ஆளை விழுங்கும் சேறு.

திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கரையை ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடப்புறத்துக்கும் பின்னால் கைப்பிடி வைத்த ஒரு நடைபாலமும் ஒரு விளக்கும் வேண்டும். எந்த மேட்டுக்கு ஓடுவது என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுத வேண்டும். பொழியூர்க்காரனுக்குப் பக்கத்து மேடு தமிழ்நாட்டில் இருந்தால் அதையே காட்ட வேண்டும். ஒத்திகையும் இரு கரைக்கும் ஒரே நாளில் நடக்கட்டும்.

அக்காளுக்கு இப்போது முழங்கால் வலி. வாசலிலிருந்து, கிட்டத்தில் இருக்கும் கால்வாய்ப் பாலம் வரை போன மாதம் அவளோடு கூடவே நடந்து பார்த்தேன். 14 நிமிடம் ஆனது.