புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்



ஜான் நியூட்டனின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கன்வென்ஷன் பந்தல்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் அதைச் சொல்லாத பிரசங்கியார் குறைவு. அடிமைக் கப்பலில் இருந்த கொடியவன் ஒருவன், நடுக்கடலில் புயல், சாவின் விளிம்பில் தேவனை நோக்கி ஒரு கூக்குரல், கரை சேர்ந்ததும் அந்தப் பாவத் தொழிலை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தான், 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை எழுதினான். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்து, மனந்திரும்புதலுக்கு அழைப்பும் கொடுத்துவிடலாம்.

இதில் புயல் உண்மை. கூக்குரல் உண்மை. பாடலும் உண்மை. கரை சேர்ந்ததும் தொழிலை உதறினார் என்பது உண்மையல்ல. அந்த ஒரு வரியை நாமாகச் சேர்த்துக்கொண்டதால், கிருபை ஒரு பாவியின் வாழ்வில் எப்படிக் கிரியை செய்கிறது என்பதைப் பற்றிய நமது எண்ணமே கோணலாகிப் போயிற்று என்பது என் கருத்து.

நடந்ததைச் சொல்லுகிறேன். 1748ஆம் ஆண்டு மார்ச் மாதம், வட அட்லாண்டிக் கடலில் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் புயலில் சிக்கியது. நியூட்டனுக்கு அப்போது வயது 22. அந்தக் கப்பலில் அடிமைகள் இல்லை. தேன்மெழுகும் தந்தமும் சாயமரமும் போன்ற சரக்குகளே இருந்தன. (நாம் சொல்லும் கதையில் இதுவும் தப்பிவிடுகிறது.) கப்பலின் பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. மணிக்கணக்காகத் தண்ணீரை இறைத்துக் களைத்தவர், பின்பு சுக்கானைப் பிடித்து நின்றபோது, சிறுவயதில் தாய் கற்றுக்கொடுத்த வேதவசனங்களை நினைத்தார். அவருக்கு ஏழு வயது நிறைவதற்குள் மரித்துப்போன தாய் அவர். கப்பல் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குப் பின் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்தப் புயல் நாளை நியூட்டன் தம் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஆனால் அதே ஆண்டில் அவர் ஓர் அடிமைக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக ஏறினார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே கேப்டன். ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுபோய் விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் ஊழியர்களைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அந்தப் பலகைகளின்கீழே விலங்கிடப்பட்ட மனிதர்கள் கிடந்தார்கள். 1752ஆம் ஆண்டில், அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிட்டதை அறிந்து, சிறுவர்களின் பெருவிரல்களைத் திருகாணியால் நசுக்கி உண்மையை வரவழைத்ததாகத் தம் கப்பல் நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்தார். 1754இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் மனச்சாட்சி அல்ல. அடுத்த பயணத்துக்குப் புறப்படும் தறுவாயில் திடீரென்று நோய் கண்டு விழுந்தார். மருத்துவர்கள் கடல் பயணம் கூடாது என்றார்கள்.

விலங்குகளோடும் பூட்டுகளோடும் புழங்கும் அந்த வேலை தமக்கு அருவருப்பாயிருந்தது என்றும், வேறொரு வேலை வேண்டும் என்று தாம் ஜெபித்தது உண்டு என்றும் பிற்பாடு எழுதினார். அதே நூலில், அது நியாயமான தொழில்தானா என்ற கேள்வி அந்நாட்களில் தமக்கு எழவே இல்லை என்றும் எழுதினார். அந்த நூல் வெளிவந்த 1764ஆம் ஆண்டில்தான் அவர் ஓல்னி என்ற ஊரில் குருவானவராக அபிஷேகம் பெற்றுப் பணியைத் தொடங்கினார்.

இந்த வரலாற்றில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிற பகுதி புயலுக்கும் முந்தியது. நியூட்டன் ஒருகாலத்தில் சியரா லியோன் கரையோரம், பிளான்டைன் தீவுகளில், ஒரு வெள்ளைக்கார வியாபாரியிடம் வேலைக்காரராய் இருந்தார். காய்ச்சலில் கிடந்தபோது அந்த வீட்டில் அவருக்குத் தண்ணீர் கிடைப்பதுகூட அரிதாயிற்று. பசியினால் இரவில் தோட்டத்துக் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அப்போது அவருக்கு மறைவாக உணவு கொண்டுவந்தவர்களில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகளும் இருந்தார்கள். தங்களுக்கு அளக்கப்பட்ட சொற்பத்திலிருந்து எடுத்து, கண்டால் தண்டனை என்று அறிந்தும் கொடுத்தார்கள். இதை எழுதி வைத்தவரும் நியூட்டனே.

அப்படியானால், தேவனுடைய இரக்கம் அவருக்குப் புயலில்தான் முதன்முதல் வந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விலங்கு பூண்ட ஒரு கை நீட்டிய உணவில் அது வந்திருந்தது. அவர் உண்டு பிழைத்தார். பிழைத்து எழுந்து, அந்தக் கைகளைப் போன்ற கைகளுக்கே விலங்கு பூட்டினார். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம்.

புயலுக்குப் பின் நியூட்டன் எதை விட்டார் என்று கேட்பீர்கள். தூஷணம் பேசுவதை விட்டார். அதற்குமுன் மாலுமிகளே வெறுக்கும் அளவுக்கு அவர் வாய் கெட்டிருந்தது, அது மாறியது. வேதம் வாசித்தார், ஜெபித்தார். அக்காலத்துச் சபைக்கு அது போதுமானதாயிருந்தது. வாயைக் கழுவச் சொன்ன சபை, அவருடைய சரக்கு என்ன என்று கேட்கவில்லை.

நாம் மட்டும் கேட்கிறோமா? ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தால், குடியை விட்டேன், சிகரெட்டை விட்டேன், சினிமாவை விட்டேன் என்கிறார்; நாம் அல்லேலூயா சொல்லுகிறோம். சொல்லவேண்டியதுதான், குடியிலிருந்து ஒரு குடும்பம் மீளுவது சிறிய காரியம் அல்ல. ஆனால், தம்பியின் பங்கு நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுத்தேன், வேலையாட்களுக்குப் பிடித்துவைத்த கூலியைக் கொடுத்தேன், மருமகளிடம் வாங்கிய நகையை அவள் கையிலேயே ஒப்படைத்தேன், இத்தனை வருடம் சாதி பார்த்து உட்காராமல் போன வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று எத்தனை சாட்சிகளை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? அப்படிப்பட்ட சாட்சி அபூர்வமாகத்தான் வருகிறது. வந்தால் கூட்டத்தில் ஓர் அமைதி விழுகிறது. அல்லேலூயா தாமதமாகத்தான் எழும்புகிறது.

எரிகோவின் சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). ஆண்டவர் அவன் இருந்த காட்டத்திமரத்தின் கீழே நின்றபோது நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. கணக்கைத் தீர்த்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவன் ஒரு நாணயத்தையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அதுதான் கிருபை, ஊரார் முறுமுறுத்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் கிருபை வீட்டுக்குள் வந்ததும் சகேயுவின் கண் யார் பக்கம் திரும்பியது? ஏழைகளின் பக்கம், தான் அநியாயமாய் வாங்கினவர்களின் பக்கம். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அபகரித்ததற்கு நாலத்தனை. நியாயப்பிரமாணம் இத்தகைய அறிக்கைக்குக் கேட்டது முதலும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கும்தான் (எண்ணாகமம் 5:7). இவன் அதைத் தாண்டிப் போனான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

இது கிரியைகளினால் வரும் இரட்சிப்பைப் போதிப்பதாகாதா என்று உங்களில் சிலர் கேட்கலாம். ஆகாது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையும் இல்லை, நேரமும் இல்லை. அவனுக்கும் பரதீசு வாக்களிக்கப்பட்டது. ஈடுகட்டுவதால் ஒருவனும் மன்னிப்பை வாங்க முடியாது. ஆனால் உங்களுக்கும் எனக்கும் கை கட்டவிழ்ந்தே இருக்கிறது, நேரமும் இருக்கிறது. கள்ளனுக்குக் கிடைத்த சலுகையைச் சகேயுவின் பணப்பையோடு கேட்பது நியாயமல்ல.

1788இல், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, லண்டனில் குருவானவராயிருந்த நியூட்டன், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அந்த வியாபாரத்தில் ஒருகாலத்தில் தாம் ஒரு கருவியாயிருந்ததை நினைத்துத் தம் இதயம் நடுங்குகிறது என்றும், இந்த அறிக்கை மிகவும் தாமதமாய் வருகிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். கப்பலின் அடித்தளத்தில் மனிதர் எப்படி நெருக்கி அடுக்கப்பட்டார்கள், திருகாணி எப்படிப் பயன்பட்டது என்பதையெல்லாம், கண்டவராகவும் செய்தவராகவும் எழுதினார். நாடாளுமன்ற விசாரணையிலும் சாட்சியம் அளித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், அரசியலை விட்டு ஊழியத்துக்கு வரலாமா என்று கேட்டுவந்த இளம் வில்பர்ஃபோர்ஸிடம், நாடாளுமன்றத்திலேயே இருக்கும்படி சொன்னவரும் இவரே. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அந்த டிசம்பரில், 82ஆம் வயதில், பார்வை மங்கிய கிழவராய் அவர் மரித்தார்.

என்னிடம் கேட்டால், அந்தப் புகழ்பெற்ற பாடலைவிட இந்தச் சிறு நூலே அவரில் கிருபை செய்த பெரிய வேலை என்பேன். பாடல் தமக்குக் கிடைத்ததைப் பற்றியது. இந்த நூலோ, தம் கையால் மற்றவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றியது. ஊராரும் சபையாரும் போற்றும் வயதில், 'நான் செய்தேன்' என்று அச்சில் ஏற்றுவது மாம்சத்துக்கு எளிதல்ல.

நாற்பது ஆண்டுத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அவருடைய கப்பல்களில் விற்கப்பட்டவர்களுக்கு அந்த நூலினால் ஒரு நாள் விடுதலைகூடக் கிடைக்கவில்லை. கிருபை மெதுவாய் வேலை செய்யும் என்று நாம் சொல்லும்போது, அந்த மெதுவுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகையால் இரண்டு பேரிடம் தனித்தனியே பேச விரும்புகிறேன். உங்களை அடித்தவரோ ஏமாற்றினவரோ இப்போது ஞானஸ்நானம் பெற்றுச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கலாம். 'தேவனே மன்னித்துவிட்டார், நீ ஏன் இன்னும் முகத்தைத் திருப்புகிறாய்' என்று சபையார் உங்களை நெருக்கலாம். அப்படி நெருக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. மன்னிப்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவிலுள்ள நீண்ட காரியம். அதை அவர் உங்களோடு பொறுமையாய் நடப்பிப்பார். உங்களுக்கு நேர்ந்ததை மூடிவைக்க அவருடைய இரத்தத்தை ஒருவரும் திரையாக்கக்கூடாது. அடிக்கிற கை இன்னும் ஓயவில்லையென்றால், நீங்கள் பாதுகாப்பைத் தேடுவதும் காவல்துறையிடம் போவதும் பாவமல்ல.

மற்றவர், தமக்குள் கிருபை வேலை செய்கிறதா என்றே சந்தேகப்படுகிறவர். பாவமன்னிப்பின் நிச்சயம் பெற்று ஆண்டுகள் ஆயின, பழைய கோபமும் பழைய பேராசையும் போகவில்லை என்று வாதைப்படுகிறீர்கள். புயல் முடிந்ததும் எல்லாம் முடிந்திருக்கவேண்டும் என்று உங்களுக்குச் சொன்னது நாங்கள், மேடையில் நிற்கிற நாங்கள். நியூட்டனே, புயலுக்குப் பின் நெடுநாள்வரை தம்மை முழு அர்த்தத்தில் ஒரு விசுவாசியாக எண்ண முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆண்டவர் உங்களைக் கைவிடவில்லை. ஆனால் உங்கள் மனதில் இப்போது ஒரு மனிதரின் முகம் வந்திருக்குமானால், அந்த முகத்தை ஜெபத்தினால் மட்டும் துடைத்துவிடப் பார்க்காதீர்கள்.

இந்த வாரம் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை வாசியுங்கள். 25 வசனங்கள்தான், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஓடிப்போன அடிமையாகிய ஒநேசிமுவுக்காகப் பவுல் பரிந்து பேசுகிறார். அவன் மனந்திரும்பிவிட்டான், பழையதை மறந்துவிடு என்று எழுதி முடிக்கவில்லை. அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள், நானே செலுத்துவேன் என்று தம் சொந்தக் கையால் எழுதுகிறார். எஜமானனாகிய பிலேமோனையும் சும்மா விடவில்லை. அவனை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். பிறகு 22ஆம் வசனத்தில், தனக்கு ஓர் அறையை ஆயத்தம்பண்ணி வைக்கும்படி கேட்கிறார். நேரில் வந்து பார்க்கப்போகிறார்.