ஒரு வருடமாவது ஒரே மேசையில்

யுத்தம் முடிந்த பிறகு நல்லிணக்கத்துக்கென்று இந்த நாட்டில் ஆணைக்குழுக்கள் வந்தன, செயலகங்கள் வந்தன, கருத்தரங்குகளும் குறைவில்லாமல் நடந்தன. ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் தங்கி, மூன்று மொழியிலும் அச்சடித்த கோப்பை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் சிங்களப் பெடியங்களும் தமிழ்ப் பெடியங்களும் ஆண்டுக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே படித்து, சாப்பிட்டு, சண்டை பிடித்து, சமாதானமாகி வாழ்ந்த ஓர் இடம் கண்டி மலையில் இருந்தது. எழுபதுகளில் அங்கே இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நான் குருவாகவில்லை, யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். நல்லிணக்கம் பற்றி நாட்டுக்குப் போதிக்கும் எங்கள் திருச்சபை, தன் வீட்டிலேயே இருந்த அந்த அனுபவத்தை ஏன் மூலையில் வைத்தது என்பதே என் கேள்வி.

அம்பிட்டிய குருமடத்தைத்தான் சொல்கிறேன். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. குருவாக விரும்பும் இளைஞர் தங்கிப் படிக்கும் இடம் குருமடம். பேச்சில் செமினறி என்போம். முதலில் தத்துவம், பிறகு நான்கு ஆண்டு இறையியல். மறைமாவட்டந்தோறும் இப்படியோர் இல்லம் வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. அதற்கு முன் குருவாவதற்கென்று எங்கும் ஒரே சீரான பயிற்சி இருக்கவில்லை.

கண்டிக்குக் குருமடம் வந்தது 1893இல். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் அந்த ஆண்டு ஜூன் 24ஆம் திகதி ஒரு சுற்றுமடல் எழுதினார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்தந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும், அதற்கு நல்ல குருமடங்கள் வேண்டும், ஐரோப்பியக் கத்தோலிக்கர் பொருளுதவி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அவருடைய பிரதிநிதியாக இப்பகுதியில் இருந்த போலந்துக்காரர் லடிஸ்லாஸ் ஸலெஸ்கி அந்த வேலையை முன்னின்று நடத்தினார். பெல்ஜியத்து இயேசு சபையினர் படிப்பித்தார்கள். பாப்பரசரின் பெயராலேயே அது பாப்பரசர் குருமடம் எனப்பட்டது.

அந்நிய நாட்டுக் குரு ஒருநாள் துரத்தப்பட்டால் மந்தைக்கு யார் இருப்பார் என்ற கவலை அந்த மடலில் உண்டு. அதற்கான விடையைக் கண்டி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை போட்டபோது, வெள்ளைத் தோல்காரர் ஒருவர் இங்கே ஒளிந்திருக்கவே முடியாது. 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியவர் கோவாக்காரரான யோசவ்வாஸ் அடிகள். 1692இல் கண்டிக்குப் போனவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள். பிறகு அரசனின் நம்பிக்கையைப் பெற்று, 1711இல் கண்டியிலேயே கண்ணை மூடினார். 2015இல் கொழும்பு வந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். தமிழரிடமும் சிங்களவரிடமும் அவரவர் மொழியில் பேசிய அந்த மனிதரை இன்று இரு பகுதியாரும் உரிமை கொண்டாடுகிறோம்.

பாப்பரசர் குருமடத்தில் படிப்பு இலத்தீனில் நடந்தது. தமிழரும் மலையாளிகளும் கொங்கணிக்காரரும் சிங்களவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். பின்னாளில் கர்தினாலான கேரளத்து யோசேப் பாறேக்காட்டில் அங்கே படித்தவர். 1948க்குப் பிறகு நிலைமை மாறியது. புதிய நாட்டுக்குப் புதிய குடிவரவுச் சட்டம். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. இந்தியாவிலிருந்து மாணவர்கள் வந்து தங்கிப் படிப்பது சிக்கலாயிற்று. 1955இல் பாப்பரசர் குருமடம் பூனேக்குப் பெயர்ந்தது. அம்பிட்டியக் கட்டடத்தில் இலங்கைக்கான தேசிய குருமடம் தொடங்கியது. அந்த வீட்டின் முதல் பிரிவினை கடவுச்சீட்டினால் வந்தது.

நான் போனபோது இலத்தீன் பெரும்பாலும் போய்விட்டது. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. யாழ்ப்பாணத்து வெக்கையில் வளர்ந்தவனுக்கு அம்பிட்டியத் தண்ணீர் விடியற்காலையில் உடம்பைக் கீறும். மணி அடித்தால் எழும்ப வேண்டும், மணி அடித்தால் தியானம், மணி அடித்தால் பூசை. சாப்பாட்டறையில் சில வேளை பேசக்கூடாது. ஒருவர் நின்று புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். பருப்பும் பொல் சம்பலும் பாணும் எனக்கு அலுத்துப்போகும். வீட்டில் இருந்து அம்மா புழுக்கொடியல் அனுப்புவா. நீர்கொழும்புப் பெடியன் ஒருவன் அதை முதல் தடவை கடித்துப் பார்த்துவிட்டு விறகு தின்கிறாயா என்று கேட்டான். மூன்றாம் பார்சலில் எனக்கு முன்னால் அவன் கை போட்டான்.

அங்கே எல்லாவற்றுக்கும் முறைப்பட்டியல் இருந்தது. கோப்பை கழுவ இருவர், சிற்றாலயம் கூட்ட இருவர், நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோக ஒருவர். பெயர்களைப் போடுபவர் மொழி பார்க்க மாட்டார். என் சிங்களம் வகுப்பில் வந்ததல்ல, கோப்பை கழுவும் தொட்டியடியில் வந்தது. தமிழ் கற்றுக்கொண்ட சிங்களவர்களும் இருந்தார்கள். முதலில் கற்றது வசைச் சொற்கள்தான், ஒளிப்பானேன்.

1977 ஓகஸ்டில் கலவரம் வந்தது. தோட்டப் பகுதிகளில் தமிழரைத் தாக்குகிறார்கள் என்ற செய்திகள் மலைக்கும் ஏறி வந்தன. அன்றிரவு மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் வெடித்தது. தமிழர் தனிநாடு கேட்டதால்தானே இது என்று ஒருவன் சொன்னான். லயத்தில் இருக்கிற கொழுந்து பறிக்கும் பெண் எந்த நாட்டைக் கேட்டாள் என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆனால் அந்த வாரம் கோப்பை கழுவும் முறை எங்கள் இருவருடையது. ஒருவன் கழுவ, மற்றவன் துடைக்க வேண்டும். வாய் பேசாமல் இரண்டு நாள் கழுவினோம். மூன்றாம் நாள் அவன், அந்தப் பெண்ணுக்கு இந்த நாட்டில் வாக்கு உண்டா என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவனுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

என்னோடு கோப்பை கழுவிய அந்தத் தோழர் பின்னர் குருவாகி, மேற்குக் கரையோரத்தில் பங்குத்தந்தையாக இருந்தார். யுத்த காலத்தில் கடிதப் போக்குவரத்து நடந்த மாதங்களில் எனக்கு எழுதுவார்: இன்ன ஊரில் இன்னது நடந்ததாக வானொலி சொல்கிறது, உண்மையா? நான் பதில் எழுதுவேன். விசாரித்த பிறகே பிரசங்கத்தில் பேசுவாராம். கருத்தரங்கில் கைகுலுக்கிய ஒருவருக்கு இப்படி எழுதத் தோன்றுமா? கோபித்துக்கொண்டு எழும்பிப் போக வழியில்லாத இடத்தில் உருவாகிய பழக்கம் அது.

தவக்காலத்தில் இன்னொன்று நடந்தது. எங்கள் பக்கத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் இசையோடு வாசிப்பார்கள். சிங்கள ஊர்களில் துக்பிராப்தி பிரசங்கய. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டபோதுதான், இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள் என்று எங்களில் பலருக்குத் தெரிந்தது. யோசவ்வாஸ் அடிகளுக்குப் பின் வந்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அவர். இரண்டு மொழியையும் ஐயந்திரிபறக் கற்று இரண்டிலும் எழுதி, 1742இல் போலவத்தையில் இறந்தார். இன்று இரு மொழியிலும் அப்படிப் பிரசங்கிக்கக்கூடிய இளம் குருக்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அம்பிட்டியவைச் சொர்க்கமாக்க நான் வரவில்லை. அதன் குறையை அதன் ஆசிரியர்களே கண்டார்கள். அங்கே படிப்பித்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகள், மலை உச்சிக் கட்டடத்தில் ஏழைகளைப் பற்றிப் பேசுவது போதாது என்று நினைத்தவர். அவர், பதுளை ஆயர் லியோ நாணயக்கார பண்டாரவளையில் தொடங்கிய சேவக செவன என்ற சிறிய குருமடத்துக்குப் போனார். பிறகு புத்தளைக்கு அருகே பௌத்த விவசாயிகளின் நடுவே குடிசை போட்டுக் குடியிருந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை முடிகிற வேளையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தன்னவர் இல்லாத இடத்தில் போய் இருப்பதே குருவுக்குப் பாடம் என்பதை அவரைவிட யாரும் விலை கொடுத்துச் சொல்லவில்லை.

யுத்தம் குருமடத்தையும் பிரித்தது. யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடம் தமிழ் மாணவர்களின் வீடானது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எண்பதுகளில் எந்தத் தாய் தன் பிள்ளையைத் துணிந்து கண்டிக்கு ரயிலேற்றியிருப்பாள்? 1995இல் ஊரே பெயர்ந்தபோது சனத்தோடு சனமாக நடந்த குருக்களை நாங்கள் கண்ணால் கண்டோம். தமிழில் இறையியல் படிப்பதும் சிறிய காரியமல்ல. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் கொழும்பிலும் உரோமையிலும் படித்து 1938இல் குருவானவர். தூத்துக்குடி மறைமாவட்டத்து வடக்கன்குளத்தில் பணிக்குப் போன பிறகே தமிழை முறையாகக் கற்க உட்கார்ந்தார். அவர் மேதை, பிடித்துக்கொண்டார். எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்தது 2009இல். இன்றைக்கும் பெரும்பாலும் சிங்கள மாணவர் அங்கே, தமிழ் மாணவர் இங்கே. குருவான பிறகு சந்தித்தாலும் ஆங்கிலத்தில் நலம் விசாரித்துவிட்டுப் பிரிகிறார்கள். அதன் விளைவைச் சனங்கள் சுமக்கிறார்கள். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, வன்னியில் 1,46,679 பேரின் கணக்கு எங்கே என்று நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். அந்தக் கேள்வி தெற்கில் எத்தனை பிரசங்க மேடைகளில் ஒலித்தது? 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குண்டு வெடித்துக் கோவிலுக்குள்ளேயே சனம் சிதறியது. உண்மையைச் சொல்லுங்கள் என்று தெற்கின் திருச்சபை அரசிடம் கேட்கிறது. 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கேட்பதும் அதையேதான். இரண்டு கோரிக்கையையும் ஒரே மூச்சில், இரண்டு மொழியிலும் பேசக்கூடிய குருக்கள் எங்களுக்குப் போதுமான அளவு இல்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கத்தோலிக்கர் இந்நாட்டில் 6.2 வீதம். சிறிய தொகைதான். ஆனால் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒரே பீடத்தின் முன் நிற்கும் அமைப்புகள் இந்த நாட்டில் மிகச் சிலவே. ஆகவே என் யோசனை இதுதான். இறையியலின் நான்கு ஆண்டுகளில் ஒன்றை ஒவ்வொரு குருமாணவரும் மற்றக் குருமடத்தில் கழிக்கட்டும். குருப்பட்டத்துக்கு முந்திய படியான தியாக்கோன் பட்டத்துக்கு முன்பே, மனம் இளகியிருக்கும் வயதிலேயே அது நடக்கட்டும். முதல் சில மாதம் மொழிக்கு. பிறகு வகுப்பு, வார இறுதியில் பங்குப் பணி. முறைப்பட்டியலில் எல்லார் பெயரும் கலந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது: பயணம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். தமிழ் மாணவர் மட்டும் கண்டிக்குப் போவதென்றால் அது பெரும்பான்மைக்குள் கரைவதாகவே முடியும். காலிப் பெடியன் கொழும்புத்துறையில் ஒரு வருடம் இருந்து, முள்ளிவாய்க்காலில் மகனை விட்டுவிட்டு வந்த தாயின் வீட்டில் தேத்தண்ணி குடிக்க வேண்டும். பாடத்திட்டம் குழம்பும் என்பார்கள். ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கட்டுமே. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட குருத்துவ உருவாக்க வழிகாட்டியும் சமூக வாழ்வையே வலியுறுத்துகிறது. தமிழ் அடையாளம் மங்கும் என்பார்கள். பதினெட்டு, இருபது வருடம் தமிழில் வளர்ந்தவனின் அடையாளம் ஒரு வருடப் பருப்பிலும் சம்பலிலும் கரைந்துவிடாது; எனக்குக் கரையவில்லை.

பன்னிரண்டு மறைமாவட்ட ஆயர்களும் ஒரு பேரவையாகக் கூடுகிறார்கள். இதற்குப் பாராளுமன்றத்தின் சட்டமோ ஜெனீவாவின் தீர்மானமோ வேண்டியதில்லை. வெளிநாட்டு நிதியும் வேண்டியதில்லை. அவர்களே பேசி, அவர்களே ஒப்பமிட்டால் போதும். நல்லிணக்கம் பற்றிய அடுத்த அறிக்கையை எழுதுவதற்கு முன்னால் ஆண்டகைமார் இந்த ஒரு தீர்மானத்தை எடுக்கட்டும். பிறகு அவர்கள் அரசைப் பார்த்துக் கேட்கிற எந்தக் கேள்விக்கும் எடை கூடும்.