கம்பி விட்டே காலம் தள்ளுறது வைத்தியமா?

போன பதிவுல கத்திரிக்காய் விலையைப் பத்தி எழுதினேன். இன்னைக்கு எழுதப்போறது வீட்டுல யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்: ஆம்பளைங்களுக்கு வர்ற மூத்திரப்பாதைச் சுருக்கம். முகம் சுளிக்காம கடைசி வரைக்கும் படிங்க.

ஆறு வருஷம் முன்னாடி வண்டியில வைக்கோல் ஏத்தும்போது கால் வழுக்கி, நுகத்தடி மேல ரெண்டு காலையும் பரப்பின மாதிரி விழுந்தேன். வலி ரெண்டு நாள்ல போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு மூத்திரம் நூல் மாதிரி இறங்க ஆரம்பிச்சுது. வரப்போரம் பத்து நிமிஷம் நிப்பேன். ஒருநாள் ராத்திரி சுத்தமா அடைச்சிக்கிச்சு. விடியக்காலை பொன்னேரியில ரயிலேறி, வண்ணாரப்பேட்டையில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து பக்கத்துல ஒரு தனியார் கிளினிக்.

"கெட்ட சகவாசம் உண்டா?" இதுதான் அங்க கேட்ட முதல் கேள்வி, அதுவும் அக்கா பக்கத்துல நிக்கும்போது. விழுந்து அடிபட்டீங்களான்னு யாரும் கேக்கல. கம்பி விட்டு விரிச்சாங்க. அடைப்பு விட்டுச்சு, கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் மூணு வருஷம், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அதே கம்பி. தடவைக்கு 2,000 ரூபாய். பதினெட்டு தடவை! நானும் வெக்கத்துல வாயைத் திறக்கல.

விரிக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. சுருக்கம் சின்னதா இருந்தா முதல் தடவை அதைச் செஞ்சு பாக்குறது சரிதான். ஆபரேஷன் தாங்காத வயசானவங்களுக்கும் அது ஒரு வழி. ஆனா உள்ள இருக்கிறது தழும்பு. கம்பி அதைக் கிழிச்சு வழி பண்ணுது. கிழிஞ்ச இடம் ஆறும்போது மறுபடி தழும்பாகுது, சில பேருக்கு முன்னைவிட நீளமா, கெட்டியா. வாய்க்கால்ல மண்ணு சேர்ந்தா தூர் வாரலாம். கரையே சரிஞ்சிருந்தா? கரையைக் கட்டாம வருஷம் பூரா தூர் வாருறவனை எங்க ஊர்ல விவசாயின்னு சொல்லமாட்டோம்.

அக்கா பையன் ஆட்டோ ஓட்டுறான். அவன்தான் என்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனான். அந்தப் பக்கத்துப் பெரியவங்களுக்கு அது இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. 1782 பஞ்சத்துல ஏழைகளுக்குக் கஞ்சி ஊத்தின சத்திரத்துலேர்ந்து வளர்ந்தது. அங்க டாக்டர் கேட்டது, "மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்தீங்களா?" பதினெட்டு தடவையில ஒரு தடவைகூட எடுக்கல. எங்க சுருக்கம், எவ்வளவு நீளம்னு தெரியாமலே கம்பி போயிருக்கு!

கன்னத்து உள்பக்கத் தோலை எடுத்து, சுருங்கின இடத்துல வச்சுத் தைச்சாங்க. இந்த ஆபரேஷன்ல பேர் வாங்கின டாக்டர் சஞ்சய் குல்கர்னி நம்ம நாட்டுப் புனேக்காரர். வெளிநாட்டு டாக்டர்களே அவர் முறையைக் கத்துக்கிறாங்க. நம்ம நாட்டுல இருக்கிற வைத்தியத்தை எனக்கு மூணு வருஷம் ஒருத்தரும் சொல்லல. அதுதான் என் கோபம். ஆபரேஷனுக்கு அப்புறமும் சில பேருக்குத் திரும்ப வரும்னு டாக்டர் ஒளிக்காம சொன்னார். எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நல்லா இருக்கேன்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய்னு கேட்டதும் கண்ணடிச்சுச் சிரிக்காதீங்க. மரத்துலேர்ந்து விழுந்தவன், பைக் விபத்துல இடுப்பெலும்பு உடைஞ்சவன், ஆஸ்பத்திரியில மூத்திர டியூப் போட்டு உள்ள காயம்பட்டவன், எல்லாருக்கும் வரும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பலபேர் மறைக்கிறாங்க. மறைச்சு வச்சா அடைபட்ட தண்ணி பின்னுக்குத் தள்ளி கிட்னியையே கெடுக்கும்.

உங்க அப்பா, சித்தப்பா யாராவது பாத்ரூம்ல ரொம்ப நேரம் நின்னா, கேளுங்க. கம்பி விட்டும் மறுபடி அடைச்சா டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: படம் எடுத்தாச்சா? சுருக்கம் எவ்வளவு நீளம்? ஆபரேஷன்ல சரியாகுமா? பதில் சொல்லாம அடுத்த தேதி குடுத்தா, எழுந்து வந்துடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.