எங்கள் பக்கம்: 75 வாட்டுக்குள் ஒரு கிறபிக்ஸ் காட்



பிள்ளைகளுக்குப் பாவித்த கணனி வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டுக் கோவிலிலும் வேலையிடத்திலும் கண்ட பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கணனி வாங்கியாச்சு. இப்ப பொடியன் கிறபிக்ஸ் காட் வேணும் எண்டு நிக்கிறான். எதை வாங்கிறது?"

நாங்கள் கணனி படித்தவர்கள் அல்ல. ஓ.எல். பரீட்சை எழுத முன்னரே இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டு வந்தவர்கள். இங்கே பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற மெசினுக்கு முன்னால் மூன்று நேர வேலை செய்கிறவர்கள். ஆனால் இந்த விடயத்தில் காசு கொடுத்துப் பாடம் படித்திருக்கிறோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், அலுவலகத்தில் கழித்த சின்னப் பெட்டிக் கணனி ஒன்றை 130 யூரோவுக்கு வாங்கினோம். மகனுக்கு அப்போது 13 வயது. கணனியில் முப்பரிமாணப் படம் வரைய வேண்டும், மாமாவின் மகனோடு விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. ஊரில் அக்காவுக்கு அனுப்ப வைத்திருந்த காசில் 80 யூரோவை எடுத்து, விளம்பரத்தில் பார்த்த ஒருவரிடம் பாவித்த காட் ஒன்றை வாங்கினோம். அது 120 வாட் காட். அதற்கு 6 முனையுள்ள தனி மின்செருகி வேண்டும். எங்கள் பெட்டியில் அது இல்லை. "பரவாயில்லை, இந்த மாற்றுவயரைப் போடுங்கோ" என்று விற்றவரே ஒன்றைத் தந்தார். நாங்களும் நம்பிப் போட்டோம்.

மூன்றாம் நாள் இரவு வேலையில் நிற்கும்போது வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. "இஞ்சருங்கோ, பெட்டிக்குள்ளால எரியிற மணம் வருது" என்றார் மனைவி. சுவரிலிருந்து வயரை இழுத்து எடுத்துவிட்டுத்தான் எங்களுக்கு எடுத்திருந்தார். விடிய வந்து திறந்து பார்த்தோம். மாற்றுவயரின் செருகி உருகிக் கறுத்துப்போய் இருந்தது. அந்த அறையில்தான் சின்னவள் படுக்கிறவள்.

காசு போனது ஒரு பக்கம். மகன் அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லை. சப்பாத்து கிழிந்ததைக் கூடச் சொல்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தான். பிள்ளை கேட்டால் கஷ்டம். கேட்காமல் விட்டால் அதைவிடக் கஷ்டம்.

அந்த வயர் ஏன் உருகியது என்று பிறகுதான் தேடி அறிந்தோம். வன்தட்டுக்குப் போகும் சாட்டா செருகி 12 வோல்ற்றில் 4.5 அம்பியர் வரைதான் தாங்கும். அதாவது 54 வாட். 6 முனைச் செருகியில் 75 வாட் வரை இழுக்கலாம். 54 தாங்கும் வாயில் 75ஐ இழுத்தால் என்ன நடக்கும் என்பதை மெசினோடு நிற்கிற எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. ஆகவே முதலாவது புத்தி: சாட்டா செருகியிலிருந்து கிறபிக்ஸ் காட்டுக்கு மின்சாரம் எடுக்கும் மாற்றுவயரை ஒருநாளும் பாவிக்காதீர்கள்.

இனி விடயத்துக்கு வருவோம்.

முதலில், காட் தேவைதானா? பள்ளிக்கூட வேலை, வீடியோ பார்த்தல், இணையவழி வகுப்பு இவற்றுக்குத் தேவையில்லை. அநேகமான இன்டெல் புறொசெசர்களுக்குள் இருக்கும் கிறபிக்சே போதும். உங்கள் கணனியில் ஒரு றாம் துண்டு மட்டும் இருந்தால், அதேபோல இன்னொன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் கிறபிக்ஸ் அந்த றாமைத்தான் பாவிக்கிறது. இரண்டு துண்டாக இருந்தால் அதற்கு வேகம் கூடும்.

இரண்டாவது, கணனியே காசு போடத் தகுந்ததா? விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்திய பெட்டியை மலிவாகத் தருகிறார்கள் என்றால் காரணம் இதுதான். அதற்குள் நல்ல காட்டைப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலாகும்.

மூன்றாவது, வாட் கணக்கு. காட் செருகும் நீள வாயிலிருந்து மட்டும் 75 வாட் வரை எடுக்கலாம் என்பது பொது விதி. அதற்குள் அடங்கும் காட்டுக்குத் தனி வயர் வேண்டாம். சில பழைய சின்னப் பெட்டிகள் இந்த 75ஐயும் தரமாட்டா. ஆகவே அந்த மொடலின் கைநூலைத் தேடிப் பாருங்கள். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் தாளையும் வாசியுங்கள். எங்கள் பெட்டியில் 240 வாட் என்று இருந்தது. புறொசெசருக்கு 65, காட்டுக்கு 75, மற்றவைக்கு 40 என்று வைத்தால் 180. இது தாங்கும். கணக்கு மட்டுமட்டாக வந்தால் விட்டுவிடுங்கள்.

நான்காவது, அளவு. சின்னப் பெட்டிக்குள் அரை உயரக் காட்தான் போகும். அதற்கேற்ற குட்டைத் தகடு கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் எத்தனை வாய் இடம் இருக்கிறது என்பதை அடிமட்டத்தால் அளந்துகொண்டு போங்கள். உங்கள் திரை நீலச் செருகியுள்ள பழைய திரை என்றால், புதிய காட்டுகளில் அந்த வாய் இல்லை. மாற்றி ஒன்றுக்கும் காசு வைக்க வேண்டும்.

இனி 75 வாட்டுக்குள் வரும் காட்டுகளைப் பார்ப்போம்.

என்விடியா ஜீரி 1030: 2017இல் வந்தது, 30 வாட், 2 ஜிபி. சின்ன விளையாட்டுகளுக்கு மட்டும். கவனம், இதே பெயரில் இரண்டு வகை உண்டு. டிடிஆர்4 நினைவகம் போட்டு 2018இல் வந்த வகையின் நினைவக வேகம், ஜிடிடிஆர்5 வகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான்.

ஜீரிஎக்ஸ் 1050 ரிஐ: 2016, 75 வாட், 4 ஜிபி. நல்ல காட்தான், ஆனால் வயதாகிவிட்டது. இதற்கும் 1030க்கும் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 ஒக்ரோபருடன் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்ரோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது.

ஜீரிஎக்ஸ் 1650: 2019, 75 வாட், 4 ஜிபி. எங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமானது. சில தயாரிப்புகளில் 6 முனை வாய் இருக்கும், அது இல்லாததைத் தெரிவு செய்யுங்கள்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400: 2022, 53 வாட், 4 ஜிபி. மின்சாரம் குறைவு. ஆனால் நான்கு பாதையால் மட்டும் கணனியோடு பேசுவதால் பழைய பெட்டியில் வேகம் கொஞ்சம் குறையும். விளையாட்டை வீடியோவாகப் பதியும் வசதியும் இதன் வன்பொருளில் இல்லை.

இன்டெல் ஆர்க் ஏ380: 2022, 75 வாட், 6 ஜிபி. வீடியோ வேலைக்கு நல்லது. ஆனால் 'றிசைசபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய கணனியில் சரியாக ஓடாது. பல தயாரிப்புகளில் தனி மின்செருகியும் கேட்கும்.

ஆர்ரிஎக்ஸ் 3050 6 ஜிபி: 2024 பெப்ரவரி, 70 வாட். இந்த வரிசையில் கெட்டிக்காரன் இதுதான், விலையும் அப்படியே. இதே 3050 பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி காட் 130 வாட், அதற்குத் தனி வயர் வேண்டும். பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

பாவித்ததை வாங்கும்போது ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய காட்டுக்கு 1050 ரிஐ என்று பெயர் மாற்றி விற்கும் களவும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படியான போலிகளைப் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஐந்து, பத்து யூரோ கூடினாலும் கடையில் வாங்குங்கள் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கரண்ட் காசையும் மறக்கவேண்டாம். ஒரு அலகு 30 சதம் என்று வைப்போம். 75 வாட் காட் நாளுக்கு 3 மணித்தியாலம் முழு வேலை செய்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 25 யூரோ. 250 வாட் காட் என்றால் 82 யூரோ. வித்தியாசம் 57 யூரோ. எங்கள் வீட்டில் அது ஒரு சோடி மாரிச் சப்பாத்து.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். போன மாரியில் இரண்டு சனிக்கிழமை மேலதிக வேலை செய்து, கடையொன்றில் அரை உயர 1650 ஒன்றை 90 யூரோவுக்கு வாங்கினோம். மகனைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். முதலில் கடைக்கு உள்ளே வரவே மாட்டேன் என்றான். பிறகு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு வயர் தேவையில்லை, நான் பாத்திட்டன்" என்றான். பூட்டிய முதல் இரவு மூன்று தரம் எழும்பிப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தோம். சூடும் இல்லை, மணமும் இல்லை.

அவன் இப்போது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அம்மம்மாவின் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறான். கிணற்றடி எந்தப் பக்கம், வேலி எவ்வளவு உயரம் என்று மறுபடியும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான். இரவு வேலை முடிந்து வந்த நித்திரைக் கண்ணோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த இதழில், வருடாந்த மின்சாரக் கணக்குத் தாளை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம்.