தமிழை ஆங்கிலம் வழியாகவா தட்டுவது?

‘அம்மா’ என்று எழுத விரல்கள் ஆங்கில எழுத்துகளைத் தேடி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை நம் கையருகே இருக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று: இந்த 31 எழுத்துகளுக்கான விசைகளிலேயே 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘ம’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்; ‘ந’வை அடுத்து ‘த’ வந்தாலும் அப்படியே. ‘பந்து’ எழுத ப, ந, த, உ என நான்கே தட்டல்கள் போதும். ஆங்கில வழியில் ஆறு! இலக்கணம் அறிந்தவர்கள் வடிவமைத்தது என்பது ஒவ்வொரு தட்டலிலும் தெரிகிறது. விண்டோஸ் 10 கணினியிலோ ஐபோனிலோ இதற்காக எதையும் தனியாக நிறுவ வேண்டாம். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். பழைய கணினிக்கு இ-கலப்பை என்ற இலவச மென்பொருள் உண்டு. முதல் சில நாள் விரல் தடுமாறும், உண்மைதான். அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். பள்ளிக் கணினி அறைகளில் பிள்ளைகளுக்கு முதலில் இதையே பழக்க வேண்டும் என்பேன்.