விளக்கெண்ணெய் குடிக்கும் குட்டி எஞ்சின்

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ மாதிரி விமானம் கட்டுகிற பைத்தியம் உள்ளவரா? அப்படியானால் விளக்கெண்ணெய்ப் புட்டி ஒரு நாள் மாயமாய் மறையும், திகைக்காதீர்கள். விமானத்தின் மூக்கில் இருக்கும் குட்டி டீசல் எஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆகாரம் அதுதான்!

பெயர்தான் டீசல். பங்க்கில் விற்கிற டீசலை மட்டும் ஊற்றினால் கிளம்பாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறையச் சம பாகமாகக் கலக்கிறார்கள். 1846-ல் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கிய அதே ஈதர்! அழுத்திச் சூடேற்றினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே தீப்பொறிக்கு வேலை இல்லை. விளக்கெண்ணெய் உராய்வைத் தடுக்கும். தர்மபுரிப் பக்கத்துப் புன்செய்களில் நிலக்கடலைக்கு நடுவே நிற்கிற ஆமணக்குக்கு இப்படியும் ஒரு யோகம்!

சமையலறையில் மட்டும் இதைக் கலக்க விடாதீர்கள். ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். நாட்பட்ட ஈதர் புட்டியைத் திறப்பதே ஆபத்து. கலப்பதும் ஓட்டுவதும் வெட்டவெளியில்தான்.

1946-ல் இங்கிலாந்தில் வெளிவந்த மில்ஸ் எஞ்சின் 1.3 கன சென்டிமீட்டர்தான். கால் தேக்கரண்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நம் நாட்டிலும் அந்த மாதிரியில் செய்தார்கள். இவ்வளவு சிறிய யந்திரத்துக்கு இரண்டே கடிவாளம். தலையில் உள்ள திருகு அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். பக்கத்து ஊசித் திருகு எரிபொருளை அளக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் திருகுகிறவனுக்கு எஞ்சின் ஜன்மத்துக்கும் பிடிபடாது.

விசிறியை விரலால் சுண்டிக் கிளப்புவது வழக்கம். தடித்த கையுறை அவசியம். சுண்டும்போது விசிறி கல்லாய் இறுகி நின்றால், உள்ளே எரிபொருள் தேங்கிவிட்டது என்று அர்த்தம். பலவந்தம் செய்தால் பிஸ்டன் தண்டு வளையும். அழுத்தத் திருகைத் தளர்த்தி, மெல்லச் சுற்றித் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். கிளம்பிச் சூடேறியதும் சத்தம் முக்கி முனகினால் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். விட்டு விட்டு வெடித்தால் கூட்ட வேண்டும். பிறகு ஊசியை மெதுவாக மூடிக்கொண்டே வந்தால் சத்தம் ஒரே சுருதியில் நிற்கும் இடம் ஒன்று வரும். அது காதுக்குத்தான் தெரியும், பாகு பதம் கைக்குத் தெரிகிற மாதிரி.

அரூரில் இப்படிச் சுருதி கூட்டிய எஞ்சினைச் சித்தேரி மலைக்குக் கொண்டுபோனால் அது மக்கர் செய்யும். எஞ்சின்மேல் குற்றமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மலைமேல் பருப்பு வேக நேரமாவதும் காற்றழுத்தம் குறைவதால்தானே? காற்று குறைந்து எண்ணெய் அப்படியே இருந்தால் கலவை கெட்டியாகிறது. ஊசியை ஒரு பொட்டு மூடி, அழுத்தத்தை ஒரு பொட்டு கூட்டினால் பழைய சுருதி வந்துவிடும்.

மலை இறங்கியதும் இரண்டையும் பழையபடி வைக்கச் சொல்லுங்கள். மறந்தால் எண்ணெய் போதாமல் சூடேறி, அரும்பாடுபட்டுக் கட்டிய விமானம் நடுவானில் வாயடைத்து நின்றுவிடும்.