கணித ஆசிரியரை யாரிடம் கேட்பது?

நான் சாய்ந்தமருதில் பாடசாலைப் பிள்ளைகளை வளர்க்கும் ஓர் உம்மா. மகளின் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றால் மண்டபம் நிறையப் பெண்கள்தான் இருப்போம். ஆண்களில் பலர் கடலில், கடையில், இல்லாவிட்டால் கட்டாரில். ஆனால் செயற்குழுவுக்குப் பெயர் சொல்லும் நேரம் வந்தால் வந்திருக்கும் நாலைந்து ஆண்களின் பெயர்கள்தான் வரும்.

இந்தச் சங்கத்தில் பெற்றோர் எல்லோரும் உறுப்பினர்கள். அதிபர் பதவிவழித் தலைவர். பெற்றோர் பிரதிநிதிகளைப் பொதுக்கூட்டத்தில் நாங்களே தெரிவுசெய்ய வேண்டும். ஒருவர் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும், போட்டி வந்தால் வாக்கெடுப்பு. போன கூட்டத்தில் நான் எழுந்து ஒரு தாயின் பெயரைப் பிரேரித்தேன். பின்வரிசையில் இருந்த ராத்தா ஒருவர் உடனே ஆமோதித்தார். கைகள் உயர்ந்தன. அவர் குழுவுக்குப் போன பிறகுதான் பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. அதற்கு முன் எத்தனையோ கூட்டங்கள் நடந்தும் யாரும் அதைப் பேசியதில்லை. வாக்கு என்பதன் பலனை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

ஆனால் அந்தக் குழுவால் கணித ஆசிரியரைக் கொண்டுவர முடியாது. ஆசிரியர் இடமாறிப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் மாகாணத்தைக் காட்டுகிறார்கள். மாகாணத் திணைக்களம் திருகோணமலையில். காசுள்ளவர்கள் பிள்ளையை டியூசனுக்கு அனுப்புகிறார்கள். மீன் விற்றுப் பிள்ளை படிப்பிக்கிறவர் என்ன செய்வார்?

தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. மற்றப் பாடசாலைகளை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாண சபையிடம் கொடுத்தது. அந்தச் சபையில்தான் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2012 செப்டம்பர் 8இல் நடந்தது. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி, அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. மொத்தம் 37 ஆசனங்கள், அதில் 14 பேரை எங்கள் திகாமடுல்ல மாவட்டம் அனுப்பியது. அவர்களில் ஒருவரையாவது பெருநாள் தொழுகை முடிந்து வரும்போது மறித்து, "எங்கட பிள்ளைகளுக்கு டீச்சர் எங்கே?" என்று கேட்க முடிந்தது. 2017 செப்டம்பரில் சபையின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகம் செய்கிறார். 2012இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த என் மூத்த மகன் உயர்தரப் பரீட்சையும் எழுதிவிட்டான்.

மாகாண சபைத் தேர்தலுக்குத் தடை எங்கே என்பதும் தெரிந்த விஷயம்தான். 2017இல் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. பாதி உறுப்பினர்கள் தொகுதிவாரியாக, பாதி விகிதாசாரப்படி. அதற்குத் தொகுதிகளைப் பிரிக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. சிறுபான்மையினரின் இடங்கள் குறையும் என்ற பயம் அப்போது முஸ்லிம் கட்சிகளுக்கு இருந்தது, அது நியாயமான பயம். ஆனால் அதற்காகத் தேர்தலே இல்லாமல் இருப்பதை ஏற்க முடியாது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சட்டத்திருத்தம் போதும்.

எங்கள் பகுதிக்கு இது இரட்டைச் சுமை. 2025 மே 6இல் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் மக்கள் பிரதேச, மாநகர சபைகளுக்கு வாக்களித்தார்கள். எங்கள் ஊர் அடங்கும் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் வழக்கு காரணமாகத் தேர்தல் நடக்கவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை வேண்டும் என்ற கோரிக்கையில் ஊரில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், வாக்கு இல்லாமல் போனது எல்லோருக்கும்தான்.

திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்களே, பழைய முறைக்குத் திரும்பும் அந்தத் திருத்தத்தைக் கேட்டுப் பேசுங்கள், வாக்கெடுப்பு வந்தால் கட்சி பார்க்காமல் ஆதரியுங்கள். தாய்மாரே, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள், எழுந்து ஒரு பெயர் சொல்லுங்கள். மாகாண சபைத் தேர்தலைக் கேட்டு அங்கேயே ஒரு தீர்மானமும் நிறைவேற்றி, அதிபர் கையால் அல்ல, நாங்களே கையெழுத்திட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புவோம்.